பாதித் தளங்கள் மட்டும் திறக்காதபோது

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டில் புது ரௌட்டர் மாட்டியதிலிருந்து ஒரு தொல்லை. யூடியூப் உடனே வரும். மகள் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் தளம் மட்டும் வெள்ளைப் பக்கமாகவே நிற்கும். அதே தளம் கைப்பேசியில், மொபைல் டேட்டாவில் திறந்தது. ஆக, தளம் நன்றாகத்தான் இருக்கிறது.

பிரவுசர் சேமித்து வைத்திருந்த கேஷை அழித்தேன், தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸை 1.1.1.1 ஆக்கினேன். பலனில்லை. சரி, இணைப்பு தொடங்கியும் பக்கம் வராமல் தொங்குகிறது என்றால் எம்டியுவை, அதாவது ஒரே தடவையில் அனுப்பக்கூடிய தரவுத் துண்டின் (பாக்கெட்டின்) உச்ச அளவைப் பார்க்க வேண்டும்.

இங்கே பல வீட்டு ஃபைபர் இணைப்புகள் பிபிபிஓஇ என்ற, பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் முறையில் ஓடுகின்றன. ஈதர்நெட் என்ற கேபிள் இணைப்பில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை போகலாம். பிபிபிஓஇ அதில் 8 பைட்டைத் தனக்கு எடுத்துக்கொள்ளும். மிச்சம் 1492. அதைவிடப் பெரிய பாக்கெட் வழியிலேயே விழுந்துவிடும். ‘சிறியதாக அனுப்பு’ என்று திரும்பிப் போகும் செய்தியைச் சில தளங்களின் ஃபயர்வால் தடுத்துவிடும். அந்தத் தளங்கள்தான் நமக்குத் திறப்பதில்லை.

இணைப்பைச் சோதிக்கும் விண்டோஸின் பிங் கட்டளையில், பாக்கெட்டை உடைக்கக் கூடாது என்ற எஃப் தெரிவையும் அளவைச் சொல்லும் எல் தெரிவையும் சேர்த்துச் சோதித்தேன். 1472 பைட் போகவில்லை, 1464 போனது. பாக்கெட்டின் முன்னால் சேரும் முகவரி முதலிய தகவலுக்கான 28 பைட்டைக் கூட்டினால் சரியாக 1492! ரௌட்டர் அமைப்பில் வேன் (WAN, வெளி இணைய இணைப்பு) பக்கத்தில் எம்டியு 1500 என்றிருந்ததை 1492 ஆக்கி ரீஸ்டார்ட் செய்தேன். “அப்பா, வந்துடுச்சு!” என்றாள் மகள்.

ரௌட்டரில் அந்த இடம் பூட்டியிருந்தால் கணினியின் நெட்வொர்க் அமைப்பிலேயே 1492 போடலாம். அந்த ஒரு கணினிக்கு மட்டும் அது உதவும்.