சிட்னி கடலோர நடை: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிட்னி நகரத்திலிருந்து தெற்கே ஒரு மணி நேரப் பயணம்தான் என்பதால், ராயல் நேஷனல் பார்க்கை ஊர்ப் பூங்காபோல நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் நிறையப் பேர். 1879-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட காடு அது. அதன் கடல் ஓரமாகவே பண்டீனாவிலிருந்து ஆட்ஃபோர்டு வரை 26 கிலோமீட்டர் பாதை போகிறது. புதிதாகக் குடியேறிய நண்பர்களை அங்கே அழைத்துப் போகும்போதெல்லாம், ஆரம்பத்தில் நாங்கள் செய்த அதே தவறுகளை அவர்களும் செய்வதைப் பார்க்கிறேன். தொப்பி, சன்ஸ்கிரீன், நல்ல ஷூ பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். சொல்லாமல் விடுவதைச் சொல்கிறேன்.

தண்ணீர்

ஆளுக்கு மூன்று லிட்டர். வழியில் ஓடைகள் உண்டு, அதை அப்படியே குடிக்க முடியாது.

வேலியைத் தாண்டுவது

வெட்டிங் கேக் ராக் என்ற வெள்ளைப் பாறையைச் சுற்றி வேலி போட்டிருக்கிறார்கள். பாறைக்கு அடியில் பிடிமானம் இல்லை. தாண்டாதீர்கள்.

கடல் வற்றியிருக்கிறது, அதனால் பயமில்லை என்று நம்புவது

இதை நீளமாகத்தான் சொல்ல வேண்டும். எத்தனை முறை சொன்னாலும் அடுத்த வாரம் யாராவது இதையே செய்வார்கள், எனக்கு எரிச்சல் வரும்.

காரவாரா ஃபார்ம் கார் பார்க்கிலிருந்து பர்னிங் பாம்ஸ் கடற்கரைக்கு இறங்கி, பாறைகளின் மேல் தெற்கே நடந்தால் ஃபிகர் எய்ட் பூல்ஸ் வரும். எட்டு வடிவத்தில் குளம், அதற்குள் கண்ணாடிபோலத் தண்ணீர். படம் பார்த்துவிட்டுத்தான் எல்லோரும் வருகிறார்கள். விவரமானவர்கள் கடல் வற்றும் நேரத்தையும் பார்த்துக்கொண்டு வருவார்கள். அதோடு நிறுத்திவிடுவதுதான் தவறு.

கடல் ஏறுவதும் வற்றுவதும் நிலவும் சூரியனும் இழுப்பதால் நடக்கிறது, அதை முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம். அலையின் கதை வேறு. எங்கோ தெற்கே நடுக்கடலில் அடித்த புயல் கிளப்பிய அலை, இரண்டு மூன்று நாள் பயணம் செய்து இந்தப் பாறைக்கு வந்து சேரும். இங்கே வெயில் அடிக்கும், காற்றே இருக்காது, வானத்தில் மேகம் இருக்காது. அலை மட்டும் பெரிதாக வரும். அதுவும் வரிசையாக வராது. பத்து நிமிஷம் சின்னச் சின்ன அலை, அப்புறம் திடீரென்று நாலைந்து பெரிய அலை சேர்ந்து வரும்.

ஒரு முறை எங்களோடு வந்த பையன், ஊரிலிருந்து வந்திருந்த தன் அப்பாவையும் கூட்டி வந்தான். விளிம்புப் பக்கம் பாறை கறுப்பாக ஈரத்தோடு மின்னியது. "இது நனைஞ்சிருக்கு தம்பி, அலை இங்க வரைக்கும் வந்திருக்கு, அப்பாவைப் பின்னாடி வரச் சொல்லு" என்றேன். "லோ டைட்தானே அண்ணா, ஒரே ஒரு போட்டோ" என்றான். வந்த அலை முழங்கால் உயரம்கூட இல்லை. ஆனால் அது பெரியவரின் காலை வாரிவிட்டது. பாறையில் ஒட்டியிருந்த சிப்பிகளின் மேல் சறுக்கிப் போனதில் உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை தோல் உரிந்துவிட்டது. குளத்துக்குள் விழாமல் நின்றது அவர் அதிர்ஷ்டம். போனில் சிக்னல் இல்லை. செங்குத்தான அந்த ஏற்றத்தில் அவரைக் கைத்தாங்கலாக மேலே கொண்டுவரப் பிற்பகல் முழுக்க ஆனது.

நீங்கள் பார்க்க வேண்டியவை மூன்று: கடல் வற்றும் நேரம், அலையின் உயரம், ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் எத்தனை நொடி இடைவெளி என்பது. இடைவெளி கூடக்கூட அலையின் வேகமும் கூடும், பாறைமேல் உள்ளே ஏறி வரும் தூரமும் கூடும். ஒன்றரை மீட்டர் அலைதானே என்று நினைப்போம். 14 நொடி இடைவெளியில் வந்தால் அது வேறு அலை. இந்த இடத்துக்கென்றே நேஷனல் பார்க்ஸ் தளத்தில் அலை அபாய முன்னறிவிப்பு போடுகிறார்கள், கிளம்பும் முன் அதைப் பாருங்கள். அபாயம் அதிகம் என்றால் பர்னிங் பாம்ஸ் மணலோடு திரும்பிவிடுங்கள். போய்ச் சேர்ந்தாலும் உடனே பாறையில் ஏறாமல், இருபது நிமிஷம் தள்ளி நின்று கடலைக் கவனியுங்கள். கடலுக்கு முதுகு காட்டி யாரும் நிற்கக் கூடாது. படம் எடுக்கும்போது எல்லோரும் செய்வது அதைத்தான்.

திரும்பும் வழியை யோசிக்காமல் கிளம்புவது

க்ரொனல்லாவிலிருந்து படகில் பண்டீனா போய், பாதையின் இடையில் இருக்கும் வாட்டமோலா கடற்கரை வரை நடந்து, அங்கே பஸ் பிடிக்கலாம் என்று வருகிறார்கள். அங்கே பஸ் கிடையாது. டாக்சியைக் கூப்பிட சிக்னலும் கிடைக்காது. ஒரு காரை முன்கூட்டியே அங்கே நிறுத்துங்கள், இல்லையென்றால் பாதி வழியில் திரும்பி வந்த வழியே போங்கள். ஜூன் மாதம் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். புளியோதரை சாப்பிட உட்கார்ந்து இரண்டு மணி வரை பேசிக்கொண்டிருந்தால், கடைசிப் பகுதியை இருட்டில்தான் நடக்க வேண்டும். ஹெட் டார்ச் எப்போதும் பையில் இருக்கட்டும்.

பாம்பு கடித்தால் கயிறு கட்டுவது

ஊர்ப் பழக்கம் இது, விட்டுவிடுங்கள். கடித்த இடத்தைக் கழுவாதீர்கள், கீறாதீர்கள். கடிபட்ட கை அல்லது கால் முழுவதும் அகலமான எலாஸ்டிக் பேண்டேஜை இறுக்கமாகச் சுற்றி, மட்டை வைத்து அசையாமல் கட்டி, அவரை ஓர் அடிகூட நடக்க விடாமல் அவசர உதவி எண்ணான 000-ஐ அழையுங்கள். இதற்காக ஆளுக்கு இரண்டு பேண்டேஜ் வேண்டும். முதலுதவிப் பெட்டியில் பிளாஸ்டர் மட்டும் வைத்துக்கொண்டு வருகிறவர்களே அதிகம்.

உண்ணியை நகத்தால் பிய்ப்பது

வேண்டாம். அழுத்தினால் அதன் எச்சில் இன்னும் உள்ளே போகும். மருந்துக் கடையில் கிடைக்கும் உறைய வைக்கும் ஸ்பிரேயை அடித்து, செத்துத் தானாக விழ விடுங்கள்.

யாரிடமும் சொல்லாமல் போவது

எந்தப் பாதை, எத்தனை பேர், எத்தனை மணிக்குள் தகவல் வரவில்லையென்றால் போலீஸை அழைக்க வேண்டும் என்பதை வீட்டில் ஒருவருக்கு எழுதி அனுப்புங்கள். "பீச் பக்கம் போறோம்" என்று சொல்லிவிட்டு வந்தால், 26 கிலோமீட்டரில் எங்கே என்று தேடுவார்கள்? எமர்ஜென்சி பிளஸ் செயலியை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் நிற்கும் இடத்தை அது காட்டும், சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு வந்ததும் 000-க்குப் படித்துச் சொல்லிவிடலாம்.