உஸ்பெகிஸ்தான் விசா: பெயர்க் கட்டத்திலிருந்து பதிவுச் சீட்டு வரை

சமர்கந்து, புகாரா, கீவா பார்க்க என் குழுவில் சேருகிறவர்கள் பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவர்கள். வருவதாகச் சொன்னவுடன் அவர்களிடம் நான் கேட்பது பாஸ்போர்ட்டில் புகைப்படம் இருக்கும் பக்கத்தின் படத்தைத்தான். முன்பணமெல்லாம் அப்புறம். அந்தப் பக்கத்தில் பெயர் எப்படி இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் விமான டிக்கெட்டைப் பற்றியே பேச்செடுப்பேன்.

காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நம் ஊர்களில் குடும்பப்பெயர் வைக்கும் வழக்கம் இல்லை. அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொண்டே வாழ்ந்துவிடுகிறோம். அதனால் இந்திய பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயருக்கான வரி பலருக்குக் காலியாக இருக்கும். இயற்பெயர் வரியில் 'முத்துலட்சுமி சண்முகம்' என்று இரண்டும் சேர்ந்து நிற்கும். விசா விண்ணப்பத்திலோ இரண்டு கட்டங்கள் தனித்தனியாக இருக்கும். காலியாக விட்டால் படிவம் நகராதே என்ற பதற்றத்தில், பாஸ்போர்ட்டில் இல்லாத கணவர் பெயரைக் குடும்பப்பெயராகப் போடுகிறவர்கள் உண்டு. ஒற்றை எழுத்தாக இருக்கும் தலைப்பெழுத்தை விரித்து எழுதுகிறவர்களும் உண்டு. இரண்டையும் செய்யாதீர்கள். விமான நிறுவன ஊழியரும் எல்லை அதிகாரியும் பாஸ்போர்ட்டையும் விசாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். பாஸ்போர்ட்டில் இல்லாத ஒரு சொல் விசாவில் இருந்தால் அங்கேயே கேள்வி எழும்.

பயணத்துக்கு மாதக்கணக்கில் அவகாசம் இருந்தால், பாஸ்போர்ட் சேவா மையத்தில் மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்துப் பெயரை இரண்டாகப் பிரித்து வாங்கிவிடுங்கள். உஸ்பெகிஸ்தானுக்காக மட்டும் சொல்லவில்லை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா கிடையாது என்று அறிவித்தபோது எத்தனை குடும்பங்கள் தவித்தன என்பது நினைவிருக்கும். அவகாசம் இல்லாதவர்கள் பாஸ்போர்ட் பக்கத்தின் அடியில் அம்புக்குறிகளோடு ஓடும் இரண்டு வரிகளைப் பாருங்கள். இயந்திரம் படிப்பது அதைத்தான். குடும்பப்பெயர்க் கட்டத்தில் என்ன போடுவது என்று டெல்லியில் உள்ள உஸ்பெகிஸ்தான் தூதரகத்துக்கு, கட்டணம் கட்டுவதற்கு முன்பே மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். வரும் பதிலை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். விசாவில் எந்த வடிவம் வருகிறதோ அதே வடிவத்தில்தான் விமான டிக்கெட்டும் ரயில் டிக்கெட்டும் இருக்க வேண்டும்.

இனி விண்ணப்பம். 2018 ஜூலையிலிருந்து மின்விசா நடைமுறையில் இருக்கிறது. இந்தியர்களுக்கு அது போதும், தூதரக வாசலில் நிற்க வேண்டியதில்லை. மலேசிய, சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழர்களுக்கு விசாவே வேண்டாம், 30 நாள் வரை தங்கலாம். தேடுபொறியில் தேடினால் முதலில் வருகிற தளங்களில் முகவர்களுடையவையும் கலந்திருக்கும்; மூன்று நான்கு மடங்கு கேட்பார்கள். அரசின் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். அதன் முகவரி 'gov.uz' என்று முடியும்.

ஒருமுறை நுழைய 20 டாலர், இருமுறைக்கு 35, பலமுறைக்கு 50. வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்குத் திறந்துவைத்த கார்டு வேண்டும். விசா மறுக்கப்பட்டாலும் பணம் திரும்பாது. மூன்று வேலை நாளில் மின்னஞ்சலில் வந்துவிடும்; அவர்களுடைய வேலை நாள் என்பதை மறக்க வேண்டாம், மார்ச் 21 நவ்ரூஸ் புத்தாண்டு சமயத்தில் விடுமுறை உண்டு. நான் பயணத்துக்கு மூன்று வாரம் முன்பே விண்ணப்பிக்கச் சொல்வேன். விசா வழங்கிய நாளிலிருந்து 90 நாளுக்குள் பயன்படுத்த வேண்டும், தங்குவது 30 நாள் வரை. அதனால் ஆறு மாதம் முன்னாலேயே வாங்கிவைப்பதிலும் பயனில்லை. பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். வந்த விசாவைத் திறந்ததும் பாஸ்போர்ட் எண்ணை ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். ஓர் எண் மாறியிருந்தாலும் அது வேறு யாருடைய விசாவோதான். புதிதாக விண்ணப்பிப்பதே வழி. சரியாக இருந்தால் இரண்டு பிரதிகள் அச்செடுங்கள். கைபேசியில் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள்.

ஒருமுறையா இருமுறையா என்பதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். தாஷ்கண்டிலிருந்து கஜகஸ்தான் எல்லை கூப்பிடு தூரம்தான். அங்கே இந்தியர்களுக்கு 14 நாள் வரை விசா தேவையில்லை என்பதால், வந்தது வந்தோம், சிம்கென்ட்டும் துர்க்கிஸ்தானும் பார்த்துவிடலாமே என்று குழுவில் யாருக்காவது ஆசை வந்துவிடும். ஒருமுறை விசாவோடு எல்லையைத் தாண்டினால் அந்த விசா முடிந்தது. திரும்பும் விமானம் தாஷ்கண்டில் நிற்கும், நீங்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் நிற்பீர்கள். சமர்கந்திலிருந்து தஜிகிஸ்தானின் பஞ்சகெந்த் போகிறவர்களுக்கும் இதே கதைதான், அங்கே தஜிகிஸ்தான் விசாவும் தனியாக வேண்டும். இப்படி ஒரு நினைப்பு மனதின் ஓரத்தில் இருந்தால்கூட 15 டாலர் கூடுதலாகக் கொடுத்து இருமுறை விசா வாங்குங்கள்.

விமான நிலையத்தில் பெரிதாக ஒன்றும் கேட்பதில்லை. முதல் இரவு எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புகிறீர்கள், அவ்வளவுதான். கடிகாரத்தை அரை மணி பின்னால் தள்ளிவையுங்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது இதற்குப் பிறகு வரும் விஷயத்துக்குத்தான்: தங்குமிடப் பதிவு. நாட்டுக்குள் எங்கே தங்கினாலும் மூன்று நாளுக்குள் அந்த இடம் உங்களை அரசின் கணினியில் பதிவு செய்ய வேண்டும். ஓட்டல்களும் விருந்தினர் இல்லங்களும் பாஸ்போர்ட்டை வாங்கி அன்றே செய்துவிடுவார்கள். சீட்டு கேட்டால் கொடுப்பார்கள்; கேட்காவிட்டால் சில இடங்களில் கொடுப்பதில்லை. கேளுங்கள், ஒவ்வோர் ஊரிலும் கேளுங்கள். விசாவுக்குள் மடித்துவைத்து ஊர் திரும்பும்வரை பத்திரப்படுத்துங்கள். கீவா போகும் இரவு ரயிலில் கழிந்த இரவுக்கு ஓட்டல் சீட்டு இருக்காது, அதற்கு ரயில் டிக்கெட்டே சான்று.

பிரச்சினை வருவது வீடுகளில் தங்கும்போதுதான். சமர்கந்திலும் தாஷ்கண்டிலும் நம் பிள்ளைகள் மருத்துவம் படிக்கிறார்கள். பார்க்கப் போகும் பெற்றோர் மகனின் வாடகை வீட்டிலேயே பத்து நாள் இருந்துவிடுகிறார்கள். அந்த வீட்டின் உரிமையாளர்தான் உங்களைப் பதிவு செய்ய வேண்டும். போவதற்கு முன்பே மகனை அவரிடம் பேசச் சொல்லுங்கள். அவர் தயங்கினால் பக்கத்தில் விருந்தினர் இல்லத்தில் தங்கிக்கொண்டு பகலில் பிள்ளையோடு இருங்கள். அபராதம், விசாரணை என்று வெளியேறும் நாளில் அம்மா அப்பா கண்கலங்கி நிற்பதைவிட அது மேல். ஒன்று கூடுதலாக: படிக்கப் போகும் பிள்ளைக்குச் சுற்றுலா மின்விசா எடுத்துக் கொடுத்து, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு முகவர் சொன்னால் அவரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம். படிப்பு விசா பல்கலைக்கழகத்தின் அழைப்பின் பேரில் வருவது.

மருந்துப் பையை நீங்களே ஒருமுறை கொட்டிப் பாருங்கள். டிரமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து, அல்பிரசோலம், டயஸிபம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகள் எல்லாம் அங்கே கடுமையான கட்டுப்பாட்டில் உள்ளவை. நம் வீடுகளில் முட்டிவலிக்கு எழுதிக்கொடுத்த டிரமடால் பெட்டியோடு கிடக்கும். அது என்னவென்று அறியாமலே எடுத்துவைத்துவிடுவோம். தவிர்க்க முடியாதது என்றால் மருத்துவர் கையெழுத்திட்ட சீட்டும், அதன் ரஷ்ய மொழிபெயர்ப்பும் வேண்டும், மாத்திரை அதன் அட்டையிலேயே இருக்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளையும் டப்பாவில் கலந்து போடாமல் அட்டையோடு கொண்டுபோங்கள். டிரோன் வீட்டிலேயே இருக்கட்டும். அதை நாட்டுக்குள் கொண்டுவரத் தடை.

பணம் டாலராகவே போதும், கிழிசலும் கிறுக்கலும் இல்லாத தாள்களாக. 2017 செப்டம்பரில் நாணயக் கட்டுப்பாட்டைத் தளர்த்திய பிறகு வங்கியிலேயே நியாயமான விலைக்கு அந்நாட்டு நாணயமான சோம் கிடைக்கிறது, தெருவில் மாற்ற வேண்டிய அவசியம் போய்விட்டது. பெருந்தொகை கொண்டுபோனால் சுங்கப் படிவத்தில் எழுதி முத்திரை வாங்கிவிடுங்கள்.

திரும்பும்போது ஒன்றுதான். புகாராவின் வணிக வளாகங்களில் சுசானி என்னும் பூத்தையல் துணிகளைப் பார்த்தால் கை சும்மா இராது. புதியது வாங்கினால் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பாட்டி காலத்தது, நூறு வருஷம் பழசு என்று சொல்லி விற்பதை வாங்கும் முன் யோசியுங்கள்: 50 ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருளை வெளியே கொண்டுபோக அரசின் அனுமதிச் சான்றிதழ் வேண்டும், அதைக் கடைக்காரர் தர முடியுமா என்று விலை பேசுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.