பள்ளியைத் திறக்கும் முன் வகுப்பறைக் காற்றை அளந்து பாருங்கள்

பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகளைத் திறக்கலாமா என்ற விவாதத்தில் இரு தரப்பின் கவலையும் நியாயமானது. 2020 ஏப்ரலில் உலகெங்கும் 150 கோடிக்கும் அதிகமான மாணவர்களுக்குப் பள்ளி இல்லாமல் போனது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்த சிறுவர்களுக்குத் திரைவழிப் பாடம் ஈடாகவில்லை. மறுபக்கம், ஆசிரியர்களும் வீட்டுப் பெரியவர்களும் தொற்றுக்கு அஞ்சியதும் சரிதான். ஆனால் "பள்ளி" என்று மொத்தமாகப் பேசும்வரை இந்த விவாதம் முடியாது. ஒரே கட்டடத்தில் இருபுறமும் ஜன்னல் உள்ள அறைக்கும் ஒற்றை ஜன்னல் கொண்ட மூலை அறைக்கும் ஆபத்து ஒன்றல்ல. முடிவை அறைவாரியாக எடுக்க வேண்டும். அதற்கு அளவீடு வேண்டும்.

இங்கே சொல்வது கோவிட்-19 போல மூச்சு வழியாகப் பரவும் நோய்களுக்கு. பேசும்போது வெளிப்படும் நுண்துளிகள் மூடிய அறையில் மணிக்கணக்கில் மிதக்கும். தொட்ட இடங்களால் பரவும் வாய்ப்பு இதோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. தினமும் மேசைகளில் மருந்து தெளித்துவிட்டு ஜன்னல்களைப் பூட்டி வைக்கும் பள்ளி, செலவைத் தவறான இடத்தில் செய்கிறது.

அளப்பது எப்படி

கார்பன் டை ஆக்சைடு மானி ஒன்று போதும். நாம் வெளிவிடும் மூச்சில் இந்த வாயு இருக்கிறது; அறையில் அது சேர்ந்தால், பிறர் விட்ட மூச்சு வெளியேறவில்லை என்று பொருள். அறை அறையாகக் கொண்டுபோய் அளக்கலாம். அகச்சிவப்பு உணரி உள்ளதாக வாங்குங்கள். மலிவான சில கருவிகள் வேறு வாயுக்களை உணர்ந்து, கார்பன் டை ஆக்சைடின் அளவை ஊகித்துக் காட்டும். கிருமிநாசினி வாசனைக்கே எண் எகிறிவிடும். முதலில் திறந்தவெளியில் வைத்துப் பாருங்கள். சுமார் 420 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு) காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அங்கேயே திருத்தி அமையுங்கள்.

பிறகு பிள்ளைகள் நிறைந்திருக்கும் வகுப்பில், உட்கார்ந்தவர் மூக்கின் உயரத்தில், ஜன்னலையும் யாருடைய முகத்தையும் ஒட்டாமல் வையுங்கள். எண் ஏறி ஒரு நிலையில் நிற்கும்வரை காத்திருங்கள். காற்றோட்டம் குறைந்த அறையில் இதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். காலி அறையிலோ வகுப்பு தொடங்கிய பத்தாவது நிமிடத்திலோ எடுத்த அளவை வைத்து "எல்லாம் சரி" என்று சொல்லிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

நின்ற எண்ணிலிருந்து 420ஐக் கழியுங்கள். 4,000ஐ அந்த மீதியால் வகுத்தால், தொடக்கப்பள்ளி வகுப்பில் ஒரு தலைக்கு நொடிக்கு எத்தனை லிட்டர் வெளிக்காற்று வருகிறது என்பது தோராயமாகக் கிடைக்கும். 820 என்றால் 10 லிட்டர். 1,420 என்றால் 4. 2,420 என்றால் வெறும் 2. உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த குறைந்தபட்சம் 10 லிட்டர். ஆகவே 800க்கு அருகில் நிறுத்துவதே இலக்கு.

எண்ணைக் குறைக்க

முதலில் எதிரெதிர்ப் பக்கத் திறப்புகள். ஜன்னலோடு எதிர்ச்சுவர்க் கதவையும் திறந்து வைத்தால், ஒரே சுவரில் இரண்டு ஜன்னல்களைத் திறப்பதைவிடப் பொதுவாக அதிகப் பலன் கிடைக்கும். கூரை மின்விசிறி உள்ளே இருக்கும் காற்றைக் கலக்குமே தவிர, வெளியே தள்ளாது. சுவரில் மாட்டிய சாதாரண ஏசியும் அதே காற்றைத்தான் குளிரவைத்துத் திருப்பித் தருகிறது. ஒரு மேசை விசிறியை ஜன்னலில் வெளிநோக்கி வைத்து ஓடவிட்டு, மறுபக்கத் திறப்பு வழியாகப் புதுக்காற்று வரவிடுங்கள். மாற்றத்தை மானியிலேயே பார்க்கலாம். குளிரிலும் மழையிலும் முழுதாகத் திறக்க முடியாவிட்டால், நாள் முழுக்கக் கையகலம் திறந்திருக்கட்டும். பாடவேளைகளுக்கு இடையில் ஐந்து நிமிடம் முழுதாகத் திறவுங்கள்.

இதற்குப் பிறகும் போதாத அறைக்கு வடிகட்டி வேண்டும். நீளம் 9 மீட்டர், அகலம் 7, உயரம் 3 என்றால் அறையின் கொள்ளளவு 189 கனமீட்டர். மணிக்கு ஐந்து முறை அளவுக்குக் காற்றைச் சுத்தம் செய்ய 945 கனமீட்டர் தேவை. வாங்கும் கருவியின் உறையில் சுத்தக் காற்று அளவு அச்சிட்டிருக்கும். அதிகபட்ச வேகத்துக்கான எண் அது. அந்த வேகத்தில் இரைச்சல் தாங்காமல் ஆசிரியர் அணைத்துவிடுவார். எனவே கருவி இரண்டாக வாங்கி மெதுவாக ஓட்டுவதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

விசிறியையும் வடிகட்டிகளையும் ஒட்டிக் கையால் செய்யும் கோர்சி-ரோசன்தால் பெட்டி என்ற காற்றுச் சுத்திகரிப்பானும் நன்றாக வேலை செய்யும். 20 அங்குலச் சதுரப் பெட்டி விசிறி ஒன்று, அதே அளவில் 2 அங்குலத் தடிமனுள்ள மெர்வ் 13 (நுண்துகள்களையும் பிடிக்கும் தரம்) வடிகட்டிகள் நான்கு, அட்டை, அகலமான ஒட்டுநாடா. வடிகட்டிகளை நான்கு சுவர்களாக நிறுத்தி, அடியில் அட்டை ஒட்டி, மேலே விசிறியைக் காற்று மேல்நோக்கி வெளியேறும்படி வையுங்கள். வடிகட்டி விளிம்பில் உள்ள அம்புக்குறி உள்நோக்கி இருக்க வேண்டும். விசிறியின் நான்கு மூலைகளையும் அட்டையால் மூடி, இறக்கைகள் சுழலும் வட்டத்தை மட்டும் திறந்து விடுங்கள். இல்லாவிட்டால் மூலைகள் வழியே காற்று பின்னோக்கி உறிஞ்சப்பட்டு பலன் குறையும். எல்லா இணைப்புகளையும் ஒட்டுநாடாவால் இறுக மூடுங்கள். இறுக்கமாகக் கட்டிய பெட்டி மணிக்கு 1,000 கனமீட்டர் அளவில் சுத்தக் காற்று தரும்.

ஒன்றை மறக்க வேண்டாம்: வடிகட்டி கிருமித் துகள்களைப் பிடிக்கும், கார்பன் டை ஆக்சைடைக் குறைக்காது. பெட்டி ஓடியும் எண் இறங்கவில்லை என்று அதைப் பழுதென நினைத்து அகற்றிவிடாதீர்கள்.

முகக்கவசமும் மற்றவையும்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 169 தொடக்கப்பள்ளிகளை 2020 இறுதியில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆசிரியர்களும் ஊழியர்களும் கட்டாயம் முகக்கவசம் அணிந்த பள்ளிகளில் தொற்று 37 சதவீதம் குறைவு; காற்றோட்டத்தை மேம்படுத்திய பள்ளிகளில் 39 சதவீதம் குறைவு. நாள் முழுக்க உரக்கப் பேசுபவர் ஆசிரியர்தான். நல்ல கவசங்கள் குறைவாகவே கிடைத்தால் அவருக்கே முதலில் கொடுங்கள். மூக்கோரம் காற்று கசிந்தால் எந்தக் கவசமும் பாதி வேலைதான் செய்யும். மேசைகளுக்கு இடையே வைக்கும் கண்ணாடித் தடுப்புகளை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். அவை காற்றின் ஓட்டத்தைத் தடுக்கும்.

எல்லோரும் கவசத்தைக் கழற்றும் நேரம் சாப்பாட்டு வேளை. அதைத் திறந்தவெளிக்கு மாற்றுங்கள், வகுப்புக்கு வகுப்பு நேரத்தை இடைவெளி விட்டு வையுங்கள். பாட்டும் விளையாட்டும் அங்கேயே நடக்கட்டும். ஆசிரியர் அறையைப் பலரும் கவனிப்பதில்லை. கதவைச் சாத்தி, கவசத்தை இறக்கிவிட்டுப் பெரியவர்கள் சேர்ந்து பேசும் அந்த அறையையும் கட்டாயம் அளக்க வேண்டும்.

மாதக்கணக்கில் மூடிக் கிடந்த கட்டடமானால் தண்ணீர்த் தொட்டியைக் கழுவி, குழாய்களைத் திறந்து தேங்கிய நீரை வெளியேற்றிய பின்பே பிள்ளைகளை அழையுங்கள்.

வாசலில் வெப்பமானி பிடிப்பதை நம்பியிருக்க முடியாது. அறிகுறி தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே கோவிட்-19 பரவும். விரைவுப் பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தாலும் அது அந்த வேளைக்கான பதில்தான், மறுநாளைக்குச் செல்லாது. காய்ச்சலோ இருமலோ இருந்தால் வரவேண்டாம் என்ற விதி நிற்க வேண்டுமானால், முழு வருகைக்குப் பரிசு தருவதையும் விடுப்பெடுத்த ஊழியரின் ஊதியத்தைப் பிடிப்பதையும் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் மாத்திரை கொடுத்துக் காய்ச்சலை அடக்கி அனுப்பிவிடுவார்கள். பள்ளியில் இருக்கும்போதே உடல்நலம் கெட்டால், பிள்ளையை உட்காரவைக்கும் அறைக்கு வெளிநோக்கித் திறக்கும் ஜன்னல் இருக்கட்டும். சாமான் அறை வேண்டாம்.

பெற்றோர் கூட்டத்துக்கு ஒவ்வொரு அறையின் எண்ணையும் எழுதி எடுத்துப் போங்கள். தொற்று ஏறினால் எதை எந்த வரிசையில் செய்வது என்பதையும் திறக்கும் முன்பே எழுத்தில் முடிவு செய்யுங்கள்: முதலில் கவசம் கட்டாயம், அடுத்து கூட்டங்களும் விழாக்களும் ரத்து, அடுத்து பெரிய வகுப்புகள் ஒரு நாள் விட்டு ஒரு நாள். சிறு குழந்தைகள், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள், வீட்டில் கருவியோ இணையமோ இல்லாதவர்கள் ஆகியோருக்கான வகுப்புகள் முதலில் திறக்கட்டும், கடைசியில் மூடட்டும்.