கால் பெருவிரல் புடைப்புக்கு அறுவை சிகிச்சை: முடிவெடுப்பதும் தயாராவதும்

கால் பெருவிரல் பக்கத்து விரலின்மேல் சாய்ந்து, அதன் அடிமூட்டு உள்பக்கமாகப் புடைத்து நிற்பதைப் பார்த்து, அங்கே புதிதாக எலும்பு வளர்ந்துவிட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலும் பாதத்தின் முதல் நீள எலும்பு விலகியிருப்பதே காரணம். ஆகவே புடைப்பைச் செதுக்கினால் மட்டும் போதாது. எலும்பை வெட்டி நேராக்கி, ஸ்க்ரூ வைத்துப் பொருத்த வேண்டும்.

வலி நடையைத் தடுக்கிறதா என்பதே முதற்கேள்வி. அழகுக்காக மட்டும் இந்த அறுவையைச் செய்துகொள்ள வேண்டாம். முன்பக்கம் அகலமான செருப்பை அணிந்து பாருங்கள். அது விரலை நிமிர்த்தாது, ஆனால் பலருக்கு வலியைத் தணிக்கும்.

அதன்பின்னும் வலித்தால், நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ வேறிடத்திலோ எலும்பு மருத்துவரைப் பாருங்கள். எக்ஸ்ரேயை நின்றபடியே எடுக்க வேண்டும். உடல் எடை பாதத்தில் இறங்கும்போதுதான் உண்மையான கோணம் தெரியும். பெருவிரலின் சாய்வு 15 டிகிரியைத் தாண்டினால் அது இயல்பானதன்று. சாய்வு குறைவாக இருந்தால் எலும்பின் விரல்பக்க முனையருகே வெட்டுவார்கள். மிகுதியாக இருந்தால் நடுப்பாத மூட்டை இணைக்கும் லாபிடஸ் முறையைப் பரிந்துரைக்கலாம். விரல் மூட்டே தேய்ந்திருந்தால் அதையே இணைத்துவிடுவதும் உண்டு. உங்களுக்கு எந்த முறை என்று கேட்டுக்கொள்ளுங்கள், ஏனெனில் எப்போது கால் ஊன்றலாம் என்பது அதைப் பொறுத்தது. சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். எலும்பு சேர்வதைத் தாமதப்படுத்தும் பீடி, சிகரெட்டைப் பல வாரங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும்.

நாள் குறிப்பதில்தான் நம் மாவட்டத்தார் தவறுகிறார்கள். இரண்டு பருவமழையும் பெய்யும் ஊரில், கட்டு நனையாமலும் வழுக்காமலும் இருக்க மழையற்ற மாதங்களே நல்லவை. பால்வெட்டுத் தொழிலாளருக்கு, ரப்பர் மரம் இலையுதிர்த்து வெட்டு நிற்கும் ஆண்டின் முற்பகுதி இரண்டு வகையிலும் பொருந்தும்.

முதல் இரண்டு வாரம் காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே உயர்த்தி வைத்துப் படுத்திருங்கள். தையல் பிரிப்பதும் ஏறக்குறைய அப்போதுதான். பிறகு, மருத்துவர் அனுமதித்தால், குதிகாலில் எடை தாங்கும் தனிச் செருப்புடன் பொதுவாக 6 வாரம் வரை நடக்க வேண்டும். கிணற்றடியில் குளிக்கும் வழக்கத்தை அதுவரை விட்டுவிடுங்கள். வர்ம ஆசான்மார்மீது எனக்கு மிகுந்த மதிப்புண்டு. எனினும் எலும்பு சேருமுன் எண்ணெய் தடவி இழுப்பது ஸ்க்ரூவை நகர்த்திவிடக்கூடும்.

காய்ச்சல், சீழ், கெண்டைக்கால் வீக்கம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். மூச்சுத்திணறல் என்றால் உடனே 108-ஐ அழையுங்கள். பாதத்தின் பொதுவான வீக்கம் 6 மாதம் வரை நீடிக்கலாம் என்பதால், புதுச் செருப்பை அதற்குப் பிறகே வாங்குங்கள்.