மலை ஏரிப் பக்கம் டென்ட் போட இடம் பார்ப்பது எப்படி? மெத்தை மிதந்த ஒரு காரைக்குடிக்காரியின் குறிப்புகள்

ராத்திரி இரண்டு மணி இருக்கும். தம்பி மகள் என் தோளைத் தட்டி, "அயித்தை, மெத்தை ஆடுது" என்றாள். தூக்கத்தில் உளறுகிறாள் என்று நினைத்துக் கையைக் கீழே ஊன்றினேன். நாலு விரல் முழுகத் தண்ணீர். அவள் படுத்திருந்த காற்று மெத்தை நிஜமாகவே மிதந்துகொண்டிருந்தது.

அது ஐப்பசி, தீபாவளி லீவு. கொடைக்கானல் மேல்மலையில் ஒரு சின்ன ஏரியை ஒட்டிய தோட்டம். ஊர்ப் பெயர் வேண்டாம். தோட்டக்காரர் மேல் தப்பும் இல்லை, "கொஞ்சம் மேல போட்டுக்கங்கம்மா" என்றுதான் சொன்னார். நான்தான் கேட்கவில்லை. பச்சைப் புல், பலகை மாதிரி சமதளம், பத்தடி நடந்தால் ஏரி. போட்டோவுக்கு அவ்வளவு பாந்தமாக இருந்தது.

விடிந்ததும் ஜமுக்காளத்தைப் பிழிந்துகொண்டே வீட்டுக்குப் போன் போட்டேன். அப்பத்தாதான் எடுத்தார்கள். முழுக்கதையும் கேட்டுவிட்டு, "ஏண்டி, கண்மாய் உள்வாய்ல போயிப் படுத்துக்கிட்டு, தண்ணி வந்துருச்சு தண்ணி வந்துருச்சுங்கிறியே?" என்றார்கள். உள்வாய் என்றால் ஏரி நிரம்பினால் தண்ணீர் நிற்கிற உட்பக்கம். எனக்குப் பதில் இல்லை.

அதற்குப் பிறகு நாலு தடவை போய்விட்டோம், ஒரு தடவைகூட நனையவில்லை. டென்ட் விரிப்பது, ஸ்லீப்பிங் பேக் சுருட்டுவது எல்லாம் வீடியோவில் கொட்டிக் கிடக்கிறது, அதை இங்கே எழுதப் போவதில்லை. இடம் பார்ப்பது மட்டும்.

1. எந்த மலை

காரைக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் சுமார் 200 கிலோமீட்டர். அதற்கும் மேலே பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் என்று மேல்மலைக் கிராமங்கள். மன்னவனூரிலும் கூக்காலிலும் ஏரி உண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் முடித்துக் கிளம்பி, இருட்டில் போய் இறங்கி இடம் பார்ப்பது மட்டும் வேண்டாம். வெளிச்சம் இருக்கும்போது, நாலு மணிக்குள் அங்கே இருக்கிற மாதிரி கிளம்புங்கள்.

முதல் தடவை, கைக்குழந்தை உண்டு, குளிர் ஆகாது என்றால் சிறுமலை போதும். நத்தம் ரோட்டிலிருந்து ஏறும் வழி, 18 கொண்டை ஊசி வளைவுகள். ஏரி சின்னதுதான், ஆனால் ஏதாவது சரிப்படவில்லை என்றால் ராத்திரியே திண்டுக்கல்லுக்கு இறங்கிவிடலாம். மேல்மலையில் அது முடியாது.

உயரத்துக்கு ஒரு கணக்கு: ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். கொடைக்கானல் 2,100 மீட்டர். நம் ஊரில் ராத்திரி 22 டிகிரி இருக்கிற அன்று அங்கே 9 டிகிரி என்று மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. அனுமதி

மலையில் பச்சையாகத் தெரிகிற இடமெல்லாம் வனத்துறையுடையது என்று வைத்துக்கொண்டு ஆரம்பித்தால் வம்பு வராது. பேரிஜம் ஏரி எவ்வளவு ஆசையாக இருந்தாலும் பகலில் அனுமதிச் சீட்டோடு பார்த்துவிட்டுத் திரும்பத்தான் முடியும். பட்டா நிலம், தோட்டக்காரர் சம்மதம், அதோடு தங்கவைக்க அவருக்கு உரிமம் இருக்கிறதா என்று மூன்றையும் கேளுங்கள். உரிமம் இல்லாத இடத்தில் போட்ட டென்டை அதிகாரிகள் வந்து அகற்றச் சொன்னால், நடுக்குளிரில் மூட்டை கட்ட வேண்டியது நீங்கள்தான்.

கொடைக்கானலுக்கு 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் உண்டு. ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுபோனால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. நாங்கள் எவர்சில்வர் குடம் ஒன்றும் செம்பும்தான் கொண்டுபோகிறோம். செக்போஸ்டில் சிரித்தார்கள், பரவாயில்லை.

மாசி, பங்குனியில் புல்வெளி காய்ந்து சருகாக நிற்கும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தது மறக்கக்கூடியது அல்ல. அந்த மாதங்களில் நாங்கள் மலையில் டென்ட் போடுவதே இல்லை. மற்ற மாதங்களிலும் தரையில் விறகு போட்டுக் 'கேம்ப் ஃபயர்' கிடையாது.

3. வீட்டிலிருந்தே ஏரியைப் பார்ப்பது

கம்ப்யூட்டரில் கூகுள் எர்த் திறந்து ஏரியைக் கண்டுபிடியுங்கள். பழைய படங்களைக் காட்டும் கடிகாரக் குறி ஒன்று இருக்கும். அதை நகர்த்தினால் வேறு வேறு வருஷம், வேறு வேறு மாதம் எடுத்த படங்கள் வரும். கோடையில் எடுத்ததையும் மழை முடிந்து தை மாதம் எடுத்ததையும் அடுத்தடுத்துப் பாருங்கள். இரண்டு கரைக்கோடுக்கும் நடுவில் இருக்கிற பழுப்பும் பச்சையுமான பட்டைதான் உள்வாய். நான் படுத்த இடம் ஒரு படத்தில் புல், இன்னொரு படத்தில் தண்ணீர். முன்னாடியே பார்த்திருந்தால் ஜமுக்காளம் பிழைத்திருக்கும்.

போனில் இதைச் செய்யாதீர்கள், கண் வலிதான் மிச்சம். பெரிய திரை வேண்டும்.

4. தோட்டக்காரரிடம் கேட்க வேண்டியது

கழிப்பறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் உண்டா? இதைக் கேட்க வெட்கப்படாதீர்கள், "எல்லா வசதியும் இருக்கு மேடம்" என்றால் தாழ்ப்பாள் இல்லை என்று அர்த்தம். கார் நிற்கும் இடத்திலிருந்து எவ்வளவு தூரம் தூக்க வேண்டும்? ராத்திரி அங்கே ஆள் இருப்பாரா? போன் எடுக்குமா?

கடைசியாக ஒன்று: "அடை மழையில தண்ணி எதுவரைக்கும் ஏறும்ணே?" அங்கேயே பிறந்து வளர்ந்தவர் என்றால் யோசிக்காமல் ஒரு பாறையையோ மரத்தையோ சொல்வார். "அதெல்லாம் ஒண்ணும் வராது" என்று பதில் வந்தால் நான் வேறு இடம் பார்ப்பேன். தண்ணீர் ஏறாத ஏரி ஏது?

5. நிலத்தைப் படிப்பது (இங்கேதான் நான் கோட்டை விட்டேன்)

நம் ஊர்க்காரர்களுக்கு இது புதுசே இல்லை. கண்மாய்க்குத் தண்ணீர் வருகிற வரத்துக்கால் எங்கே, நிரம்பினால் உபரி வழிகிற கலுங்கு எங்கே, பாசனத்துக்குத் திறக்கிற மடை எங்கே என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மலை ஏரி என்றதும் அதெல்லாம் மறந்துபோய், சினிமா லொக்கேஷன் பார்க்கிற மாதிரி பார்க்கிறோம். எந்த ஏரிக்கும் தண்ணீர் ஒரு வழியில் வந்து ஒரு வழியில் போகத்தான் வேண்டும். அந்த இரண்டு வழியையும் கண்டுபிடித்துவிட்டு, அப்புறம் டென்ட் பையைப் பிரியுங்கள்.

வரத்து எப்போதும் வாய்க்கால் மாதிரி இருக்காது. மேட்டிலிருந்து ஏரிக்கு இறங்குகிற ஒரு லேசான மடிப்பு, அவ்வளவுதான். நின்று பார்த்தால் தெரியாது, குந்தி உட்கார்ந்து தரையோடு தரையாகப் பார்த்தால் தெரியும். நாங்கள் டென்ட் போட்டது சரியாக அப்படி ஒரு மடிப்பின் வாயில். சாயங்காலம் காய்ந்து கிடந்தது. மேலே மழை பிடித்ததும் மலைச்சரிவுத் தண்ணீர் மொத்தமும் அந்த வழியாகத்தான் ஏரிக்கு இறங்கியது. அதாவது கீழேயிருந்து ஏரி ஏறி வந்து எங்களை நனைக்கவில்லை, பின்னாலிருந்து வந்தது. ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு முதுகுப் பக்கம் தெரியவில்லை.

மறுநாள் காலையில் அதே இடத்தைச் சுற்றி வந்து பார்த்தபோது எல்லா அடையாளமும் இருந்தது. புல் ஒரே பக்கமாகச் சீவினாற்போல் படிந்திருந்தது. செடியின் அடியில் சருகும் குச்சியும் ஒரு கோடாக ஒதுங்கியிருந்தது, தண்ணீர் கொண்டுவந்து விட்டுப்போன கோடு. கூழாங்கல் உருண்டையாக இருந்தது. ஓரத்தில் கோரை. போனில் அப்பத்தா அதைத்தான் கேட்டார்கள்: "கோரை மொளைச்ச எடத்துல யாராச்சும் கொட்டகை போடுவாகளா?" கோரை நிற்கிற இடத்தில் மண்ணுக்குள் ஈரம் போகாது. 'பலகை மாதிரி சமதளம்' என்று மயங்கினேன் பாருங்கள், அது வண்டல் படிந்து படிந்து வந்த சமதளம். தண்ணீர் நின்ற இடம்தான் மலையில் அவ்வளவு தட்டையாக இருக்கும்.

இப்போது நான் செய்கிற சோதனை இரண்டு. குதிகாலை அழுத்தி ஒரு சுற்றுச் சுற்றுவேன், குழியில் ஈரம் கசிந்தால் அந்த இடம் இல்லை. அடுத்து ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பேன். லேசான சரிவு நல்லதுதான், தலையை மேட்டுப் பக்கம் வைத்துப் படுத்தால் தூக்கம் வரும். சுத்தமாகச் சரிவே இல்லாத இடத்தை இனி நம்புவதாக இல்லை.

ஏரியிலிருந்து எவ்வளவு தூரம்? குறைந்தது 200 அடி, நான் சின்ன எட்டாக நூறு எட்டு எண்ணுவேன். பாத்திரம் கழுவுவது, பல் தேய்ப்பது எல்லாம் அந்தத் தூரத்துக்கு அப்பால்தான். கீழே ஒரு ஊர் அந்தத் தண்ணீரைக் குடிக்கும். நம் ஊருணியில் யாராவது சோப்புப் போட்டால் சும்மா விடுவோமா?

கரை கட்டிய ஏரியாக இருந்தால் கலுங்குக்குக் கீழே போகவே போகாதீர்கள்.

தலைக்கு மேலும் பார்க்க வேண்டும். மேல்மலையில் யூகலிப்டஸ் நிறைய, நம் பக்கத்துத் தைல மரம்தான். காற்றே இல்லாத நாளில்கூடப் பட்டுப்போன கிளை முறிந்து விழும். பட்ட கிளை தொங்குகிற மரத்தடியில் டென்ட் வேண்டாம், நிழல் எவ்வளவு சுகமாக இருந்தாலும்.

பிறகு சாணி. சிரிக்காதீர்கள். பெரிய வட்டச் சாணியும் குளம்புத் தடமும் ஏரியை நோக்கி ஒரே வழியாகப் போனால், அது காட்டுமாடு தண்ணீருக்கு இறங்கும் தடம். அந்தத் தடத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் நாம் படுக்கக் கூடாது. காட்டுமாடு கொடைக்கானல் ஊருக்குள்ளேயே நடமாடுகிறது, சாதுவாகத்தான் நிற்கும், வழியை மறித்தால் மட்டும் கதை வேறு. யானை நடமாடும் மலை என்றால் டென்டே வேண்டாம், அறை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் டென்டில் தங்கியிருந்த ஒரு பெண்ணை யானை தாக்கிக் கொன்றது.

6. குளிரும் பள்ளத்தைத் தேடும்

ராத்திரியில் குளிர்ந்த காற்று கனத்து, சரிவில் வழிந்து, ஏரி இருக்கிற கிண்ணத்தில் போய்த் தேங்கும். முப்பது நாற்பது அடி மேலே ஏறினாலே வித்தியாசம் தெரியும். காலையில் ஏரி மேல் பால் மாதிரி பனிமூட்டம் படுத்திருப்பதை மேட்டிலிருந்து பார்ப்பதுதான் அழகு, அதற்குள்ளேயே படுத்திருந்தால் மூக்கு ஒழுகுவது மட்டும்தான் தெரியும். ஆனால் உச்சிக்கும் போகாதீர்கள், காற்று பிய்த்துவிடும். நடுச்சரிவு, காலை வெயில் சீக்கிரம் விழுகிற பக்கம்.

காற்று மெத்தையை நான் விட்டுவிட்டேன். மிதந்ததற்காக இல்லை, உள்ளே இருக்கிற காற்று சில்லிட்டு முதுகை இழுக்கிறது. ஃபோம் பாய் போட்டு அதன் மேல் ஜமுக்காளம், இதுதான் என் கட்சி. பழனிக்கு நடந்து போய்ப் பழகிய என் வீட்டுக்காரர் வெறும் பாயே போதும் என்பார். அவர் படுத்துப் பழகியது நத்தம் ரோட்டோரம், மன்னவனூர் குளிரில் இல்லை. முதல் ராத்திரியே என் ஜமுக்காளத்தில் பாதி போய்விட்டது.

7. சாப்பாடு

முதல் நாளுக்குக் கட்டுச்சோறு. புளியோதரை, துவையல், வாழைக்காய் வறுவல். சமைத்தே ஆக வேண்டும் என்றால் மூன்று லிட்டர் குக்கர் கட்டாயம். அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பானையில் அரிசி முக்கால் வேக்காட்டில் நின்று கழுத்தறுக்கும். தின்பண்டம் எதையும் டென்டுக்குள் வைக்காதீர்கள், காட்டுப்பன்றிக்கு மோப்பம் அதிகம். காரில் பூட்டுங்கள்.

பின்சேர்க்கை 1: படித்துவிட்டு ஒருவர், "மழையே இல்லை, மேட்டில்தான் போட்டோம், ஆனாலும் காலையில் டென்ட் கூரை சொட்டியது, கடையில் ஏமாற்றிவிட்டார்களா?" என்று கேட்டிருந்தார். ஏமாற்றவில்லை, அது உங்கள் மூச்சு. நாலு பேர் மூச்சு குளிர்ந்த துணியில் பட்டு முத்து முத்தாக நின்று சொட்டும். குளிர்கிறது என்று எல்லா ஜிப்பையும் இழுத்து மூடியிருப்பீர்கள். மேல் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். வாங்கும்போதே உள்கூடாரம், மேல்விரிப்பு என இரண்டு அடுக்கு உள்ளதாக வாங்குங்கள். ஒற்றை அடுக்கு டென்ட் நம் ஊர் மொட்டை மாடிக்குத்தான் லாயக்கு.

பின்சேர்க்கை 2: புது டென்ட் ஒழுகுமா என்று மலைக்குப் போகுமுன் எப்படிப் பார்ப்பது என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். நாங்கள் செய்தது இது. ஆணி அடிக்காமல் தானாக நிற்கிற குடை மாதிரி டென்ட் என்பதால் வளவு முற்றத்துக் கல்தளத்தில் விரித்தோம், நாலு மூலையிலும் அரிசி மூட்டை. கார்த்திகை மழை ஒன்று பிடிக்கும்வரை காத்திருந்து, ஓட்டுத் தண்ணீர் அருவியாகக் கொட்டுகிற மூலைக்கு நேர் கீழே நகர்த்தினோம். உள்ளே யார் உட்கார்ந்து பார்ப்பது என்று பேச்சு வந்தபோது அப்பத்தா முந்திக்கொண்டார்கள். முக்காலியோடு உள்ளே போய் ஜிப்பை இழுத்துக்கொண்டு, வெற்றிலைப் பெட்டியையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அரை மணி நேரம் சத்தமே இல்லை. அப்புறம் குரல் மட்டும் வந்தது: "தெக்கு மூலையில தையல்ல கசியுது. மத்தது பழுதில்லை. இன்னுஞ் செத்த நேரம் இருக்கேன், மழை நல்லாருக்கு."

தெற்கு மூலைத் தையலில், தையல் ஓட்டையை அடைக்கிற சீம் சீலர் பசையை இரண்டு பூச்சு பூசி ஒரு நாள் காயவிட்டோம். கசிவு நின்றுவிட்டது.