பைத்தானிலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு ஒழுங்கான கனெக்‌ஷன்

எங்கள் டீமில் புதிதாகச் சேருகிறவர்கள் டேட்டாபேஸ் கனெக்‌ஷன் எழுதினால், நான் முதலில் தேடுவது பாஸ்வேர்டு எங்கே இருக்கிறது என்பதைத்தான். நிரலுக்குள் அது இருக்கவே கூடாது. நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்துவைக்கும் கிட்டில் ஒருமுறை ஏறிவிட்டால், பிறகு அழித்தாலும் பழைய கமிட்டில் அப்படியே கிடக்கும். ஹோஸ்ட், போர்ட், டேட்டாபேஸ் பெயர், யூசர், பாஸ்வேர்டு எல்லாவற்றையும் என்விரான்மென்ட் வேரியபிளில் (நிரலுக்கு வெளியே சிஸ்டம் வைத்திருக்கும் மாறி) வையுங்கள். போர்ட் வழக்கமாக 5432. எல்லாவற்றையும் ஒரே யூஆர்எல்லாகக் கொடுப்பதானால், பாஸ்வேர்டில் உள்ள @ குறியை %40 என்று மாற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் பாஸ்வேர்டின் மிச்சம் ஹோஸ்ட் பெயரோடு ஒட்டிக்கொள்ளும்.

கனெக்ட் டைம்அவுட்டை 5 விநாடி என்று நீங்களே கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால், பதிலே வராத சர்வருக்காக அப்ளிகேஷன் நிமிடக்கணக்கில் காத்துக்கிடக்கும்.

அடுத்து, திறந்ததை மூடுவது. பைத்தானை போஸ்ட்கிரெஸோடு இணைக்கும் லைப்ரரியான சைக்காப்ஜி 3-இல் 'வித்' பிளாக் முடிந்ததும் கனெக்‌ஷன் மூடிவிடும். பழைய சைக்காப்ஜி 2-இல் அதே 'வித்' டிரான்ஸாக்‌ஷனை மட்டுமே முடிக்கும், கனெக்‌ஷன் திறந்தே இருக்கும். பழைய நிரலைத் தொடும்போது இதை மறக்காதீர்கள்.

வெப் அப்ளிகேஷன் என்றால் ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் புதிதாகத் திறக்க வேண்டாம், பூல் வையுங்கள், அதாவது சிலவற்றைத் திறந்தே வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் தனி ப்ராசஸையே தொடங்குகிறது, அது சும்மா வருவதில்லை. பூலின் அளவை மட்டும் பேப்பரில் கணக்குப் போட்டுப் பார்த்து வைக்க வேண்டும். 2 சர்வர், ஒவ்வொன்றிலும் 4 வொர்க்கர் (ரிக்வெஸ்டுகளைக் கவனிக்கும் ப்ராசஸ்), வொர்க்கருக்கு 10 கனெக்‌ஷன்: மொத்தம் 80. போஸ்ட்கிரெஸின் இயல்பான உச்சவரம்பு 100, அதனால் போதும் என்றுதான் தோன்றும். ஆனால் டிப்ளாய் நடக்கும்போது, அதாவது புதிய நிரலை சர்வரில் ஏற்றும்போது, பழைய வொர்க்கர்களும் புதியவையும் சிறிது நேரம் சேர்ந்தே ஓடினால் 160 வரை போகலாம். உடனே 'டூ மெனி கிளையன்ட்ஸ்' என்று கதவை அடைத்துவிடும். வொர்க்கருக்கு 5 வைத்தால் டிப்ளாயிலும் 80-ஐத் தாண்டாது, மைக்ரேஷன் (டேபிள் அமைப்பை மாற்றும் வேலை) ஓட்டவும் இடம் மிஞ்சும். பூலை ஒவ்வொரு வொர்க்கரும் தனக்குள்ளேயே திறக்கட்டும். தாய் ப்ராசஸிலிருந்து வொர்க்கர்கள் ஃபோர்க் ஆகிப் பிரிவதற்கு முன்பே திறந்தால் ஒரே சாக்கெட்டைப் பல ப்ராசஸ்கள் பங்குபோட்டுக் குழப்பிவிடும்.

சரி, ஓட்டிப் பாருங்கள். 'செலக்ட் 1' பதில் தந்தால் வழி திறந்திருக்கிறது. 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்' என்று வந்தால் ஹோஸ்டையும் போர்ட்டையும் பாருங்கள், சர்வர் ஓடுகிறதா என்றும் பாருங்கள். பாஸ்வேர்டு தவறு என்று வந்தால் சர்வர் வரைக்கும் போய்விட்டீர்கள், யூசர் விவரத்தை மட்டும் சரிபார்த்தால் போதும்.