ஆண்களுக்கான கெகல் பயிற்சி: முதலில் சரியான தசையைப் பிடியுங்கள்

அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948-இல் இந்தப் பயிற்சியைப் பற்றி எழுதியது, பிரசவத்துக்குப் பின் சிறுநீர்க் கசிவால் அவதிப்பட்ட பெண்களுக்காக. அதனாலேயே இது பெண்கள் சமாச்சாரம் என்று ஆண்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். ஆனால் முன்புற இடுப்பெலும்பிலிருந்து வால் எலும்பு வரை தூளி கட்டியதுபோல் தொங்கும் இடுப்புத்தளத் தசையை இறுக்கித் தளர்த்துவதுதான் இந்தப் பயிற்சி; அந்தத் தசை நமக்கும் இருக்கிறது. விறைப்பின்போது ஆண்குறிக்குள் வந்த ரத்தம் திரும்பிவிடாமல் அடிப்பகுதியில் அழுத்திப் பிடிப்பதும், விந்தை வெளியே தள்ளுவதும் அதன் வேலைதான்.

படி 1: தசையைக் கண்டுபிடியுங்கள்

நெரிசலான பஸ்ஸில் வாயு பிரியப் பார்க்கிறது. முகத்தில் ஒன்றும் காட்டாமல் அடக்குகிறீர்கள். அப்போது ஆசனவாயைச் சுற்றி உள்ளே இழுபடுகிறதே, அதுதான். சந்தேகம் இருந்தால் ஆடையின்றிக் கண்ணாடி முன் நின்று அப்படி இழுத்துப் பாருங்கள். ஆண்குறியின் அடிப்பகுதி சற்று உள்வாங்க, விதைப்பை மேலேற வேண்டும்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். நானும் முதல் பத்து நாட்கள் புட்டத்தைத்தான் இறுக்கிக்கொண்டிருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்து செய்யும்போது உடம்பு ஒரு விரற்கடை உயர்ந்தால் நீங்களும் அதையே செய்கிறீர்கள் என்று அர்த்தம். வயிற்றில் கை வைத்துப் பாருங்கள், கல்லாக இறுகக் கூடாது. மலம் கழிக்க முக்குவதுபோல் கீழே தள்ளுவது முற்றிலும் தலைகீழ்.

சிறுநீரைப் பாதியில் நிறுத்திப் பார்ப்பது தசையை அடையாளம் காண ஒருமுறை போதும். அதையே தினசரிப் பயிற்சியாக்கினால் சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாது.

படி 2: படுத்துக்கொண்டு தொடங்குங்கள்

மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். மூன்று விநாடி உள்ளே இழுங்கள். அடுத்து ஐந்து விநாடி முழுக்க விட்டுவிடுங்கள். இப்படிப் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. வாய்விட்டு எண்ணினால் மூச்சை அடக்க மாட்டீர்கள். விடும் நேரத்தைத் திருடாதீர்கள். தளரத் தெரியாத தசை வலிக்கத்தான் செய்யும்.

படி 3: கூட்டிக்கொண்டே போங்கள்

பிடிக்கும் நேரத்தை வாரவாரம் மெல்ல உயர்த்தி, பத்து விநாடிவரை கொண்டுபோகலாம். விடும் நேரமும் கூடவே நீளட்டும். படுத்துச் செய்வது கைவந்ததும் உட்கார்ந்து, பிறகு நின்று செய்யுங்கள். ஒவ்வொரு வேளையின் முடிவிலும் சட்சட்டென்று பத்து முறை இழுத்து விடுங்கள்.

பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும். பிரிட்டனில் விறைப்புக் குறைபாடு இருந்த 55 ஆண்களிடம் நடந்த ஆய்வு 2005-இல் வெளியானது. ஆறு மாதத்தில் 40 சதவீதம் பேருக்கு இயல்பு நிலை திரும்பியது. ஏறத்தாழ கால்வாசிப் பேருக்குப் பலனே இல்லை. லாட்ஜில் அறை எடுத்து லேகியம் விற்பவர் இந்தக் கால்வாசியைப் பற்றி வாயே திறக்க மாட்டார்.

சர்க்கரை நோய், இதய ரத்தக்குழாய் அடைப்பு ஆகியவை முதலில் விறைப்புக் குறைவாகவே தலைகாட்டலாம். ஆகவே மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். அடியிடுப்பில் ஏற்கெனவே வலி இருந்தாலோ, பயிற்சியில் வலி வந்தாலோ நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்ட்டிடம் போங்கள். சிறுநீரை வெளியேற்றும் செயற்கைக் குழாய் (கதீட்டர்) பொருத்தியிருக்கும்போது செய்யவே கூடாது.

இன்னொன்று: சிறுநீர் கழித்து முடித்ததும், ஜிப்பைப் போடுமுன், ஒருமுறை பலமாக உள்ளிழுத்து விடுங்கள். பேன்ட்டில் சொட்டும் அந்தக் கடைசித் துளிகள் கழிப்பறையிலேயே விழுந்துவிடும்.